நடக்க ஒரு காரணம்

எங்கள் ஊரில் பெண் ஒருத்தி சும்மா நடக்க முடியாது. கையில் பையோ குடமோ இருக்க வேண்டும், இல்லையென்றால் பஸ்ஸைத் தவறவிட்டிருக்க வேண்டும். வெறுங்கையோடு குடுமியான்மலை ரோட்டில் நான் நடந்த முதல் நாள், பைக்கில் போனவர்கள் எல்லாம் நிறுத்தி விசாரித்தார்கள். "எங்கிட்டுக்கா போறீங்க? ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்." நல்ல மனிதர்கள்தான். எனக்குத்தான் அழுகை வந்தது.

புதுக்கோட்டை டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். தலைவலி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு அவரிடம் போயிருந்தேன். மாதக்கணக்கில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. மகளுக்குத் தலை பின்னும்போதே கை நின்றுவிடும். மாத்திரை எழுதிக்கொடுத்து, "தினமும் வேர்க்க வேர்க்க நடங்கம்மா, அதுவும் மருந்துதான்" என்றார். இதை ஊரில் சொல்ல முடியுமா? மனசு சரியில்லை என்று வாய்திறந்தால் கிறுக்கு என்று முடிவுகட்டிவிடுவார்கள். மகளைக் கட்டிக்கொடுக்கும் நாள்வரை அந்தப் பேச்சு கூடவே வரும். மாத்திரையைச் சேலைகளுக்கு அடியில் ஒளித்தேன். நடையை எங்கே ஒளிப்பது?

பால் ஊற்றப் போன அக்கா ஒருவர்தான் தெரியாமலே எனக்கு வழி காட்டினார். "என்னத்தா, சக்கரையா?" என்றார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், அதன்பிறகு ஒரு பைக்கும் நிற்கவில்லை. மாமியார் பாகற்காயாகச் சமைத்துத் தள்ளினார். சிங்கப்பூரில் இருக்கும் கணவர் ஷூ வாங்கி அனுப்பினார்.

கண்மாய்க்கரை வரும்வரை நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கும். கரையேறி வேர்வை வழியும்போது கொஞ்சம் இளகும். வீடு திரும்பினால் பசிக்கும். எனக்கும் பசிக்கிறதே என்று ஒரு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு வீடு வீடாகச் சர்க்கரை பார்க்கும் நர்ஸ் வந்தார். நான் நழுவப் பார்த்தேன். மாமியார் விடவில்லை, என் கையைப் பிடித்து அவரே நீட்டினார். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ், "நார்மலா இருக்குங்க" என்று சிரித்தார். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. "ஒம் பொண்டாட்டி நடந்தே வெரட்டிப்புட்டாடா!" என்று மகனுக்கு வீடியோ காலில் சொன்னார். அன்று வீட்டில் கேசரி.

மறுநாள் விடிகாலையில் ஷூவை மாட்டினேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார்.

"அதான் போயிருச்சுல்லத்தா, இன்னும் எதுக்கு ரோட்டுல நடக்குற? பாக்கிறவங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாங்க."

என்னால் அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. "எனக்கு மனசு சரியில்லத்தே. நடந்தாத்தான் இருக்க முடியுது."

அவர் கோபப்படவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் கன்னத்தைத் தடவினார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஒனக்கு என்னத்தா கொறை?"

புது வீடு, தினமும் பேசுகிற கணவர், நன்றாகப் படிக்கும் மகள், இப்படிக் கன்னத்தைத் தடவிக் கேட்கிற மாமியார். எவ்வளவு யோசித்தும் எடுத்துக்காட்ட எனக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.