ஒரே சிம்பொனிக்கு நாலு மேஸ்திரி

காதை வைத்துப் பிழைக்கிற வேலையில் ஒரு வசதி உண்டு, கை அழுக்காகாது. ஒரு கஷ்டமும் உண்டு, கேட்டதைக் கழற்றி லாக்கரில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. ஒரகடம் பக்கத்தில் காருக்கு ஸ்பீக்கர் செய்கிற கம்பெனி எங்களுடையது. அங்கே 'லிசனிங் ரூம்' என்று சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. லைனிலிருந்து மொத்தமாக வருகிற ஒவ்வொரு லாட்டிலும் சில ஜோடிகளை எடுத்து, கஸ்டமர் கம்பெனி கொடுத்த சி.டி.யைப் போட்டுக் கேட்டு, நல்லதா கெட்டதா என்று சீட்டு ஒட்ட வேண்டும். சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டு சம்பளம் வாங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒருத்தர் எழுதின சிம்பொனி, அதிலும் முதல் பாகம் மட்டும். அடிமட்டச் சத்தத்திலிருந்து உச்சிச் சத்தம் வரை அதில் எல்லாம் இருக்கிறதாம். அதையே ஒரு நாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை. நாள் முழுக்க ஒரே திருகாணியை உற்றுப் பார்த்துத் தரம் சொல்கிற க்யூசி மேசைக்காரர்களே, உங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

ஒன்று என்றார், இரண்டு என்றேன்

மகள் பிறந்து ஆறாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன். ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைக்கிற சால்டரிங் லைனில் எனக்கு வேலை, வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். அம்மா எப்போது வருவாள் என்று குழந்தைக்கு மட்டுமல்ல, எனக்கே தெரியாது. லிசனிங் ரூமுக்கு மட்டும் எப்போதும் பகல் வேலை, ஜெனரல் ஷிஃப்ட். மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குப் பக்கத்தில் மண்ணூரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிவிடலாம். அங்கே ஒரு நாற்காலி காலி என்று காதில் விழுந்ததும் சூப்பர்வைசர் இசக்கி அண்ணனிடம் போய், "என் காதைக் கொஞ்சம் பாருங்கண்ணா" என்று நின்றேன்.

அவர் திருநெல்வேலிக்காரர். பன்னிரண்டு ஸ்பீக்கரை வரிசையாக வைத்து, ஒன்றில் மட்டும் ரகசியமாக ஒயரைத் தளர்த்திவிட்டு, "எது மோசம், சொல்லு" என்றார். மூன்றும் ஒன்பதும் என்றேன். "ஒண்ணுதான வச்சேன்?" என்றார். "ஒம்பதுல ஒயர் ஆடுதுண்ணா. மூணுல உள்ள என்னமோ உரசுது" என்றேன். மூன்றைப் பிரித்துப் பார்த்தால் காய்ந்த பசைத் துணுக்கு ஒன்று, அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். எனக்கு இதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றுமில்லை. குழந்தையின் மூச்சில் சளி கட்டியிருக்கிறதா என்று ஆறு மாதமாகக் கேட்டுப் பழகிய காது. கொஞ்ச காலம் உட்கார்ந்து பார், பெரிய தப்பு நடந்தால் மறுபடி சால்டரிங், மறுபடி ஷிஃப்ட் என்று சொல்லி அனுப்பினார். அனுப்பும்போது சொன்னது: "ஏ பிள்ள, உன் புருஷன் பாடு திண்டாட்டந்தான், அவன் மனசுக்குள்ள முணுமுணுத்தாக்கூட உனக்குக் கேட்டுரும் போலுக்கே!"

குச்சிக்காரருக்கு எதற்குப் படம்?

அறையில் என் ஜோடி ஜெசிந்தா. மண்ணூர்ப் பெண், என்னைவிட நாலு வயது சின்னவள், அவர்கள் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம். சி.டி. அட்டையில் நரைத்த முடியோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கையில் சின்னக் குச்சியோடு நிற்கிறார். "இவர்தான் எழுதினாரா?" என்றேன். இல்லையாம். "அப்ப வாசிக்கிறாரா?" அதுவும் இல்லையாம். அறுபது எழுபது பேர் மூச்சு முட்ட வாசிக்கிறார்கள், சும்மா குச்சியை ஆட்டுகிறவருக்கு அட்டையில் படமா, நியாயமா என்று கேட்டேன்.

ஜெசிந்தா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னாக்கா நீ, நம்ம இசக்கி அண்ணன் லைன்ல என்னிக்காவது ஒரு ஸ்க்ரூ முறுக்கிக் கீறாரா? ஆனா அவரு லீவு போட்ட அன்னிக்கு லைன் இன்னா கதியாச்சுன்னு நீயே பாத்தல்ல!"

அன்றிலிருந்து அந்தக் குச்சிக்காரர்களுக்கு எங்கள் அறையில் மேஸ்திரி என்றே பெயர்.

சிவப்புச் சீட்டு

பெருமையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அதற்கு முன்னால் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கீறல் விழுந்து விழுந்து சி.டி. ஒரு நாள் திக்க ஆரம்பித்தது. ஸ்டோர்காரர் சென்னையிலிருந்து வேறு வாங்கி வந்தார். அதே சிம்பொனி, அதே எழுதினவர் பெயர். நாங்களும் சரி என்று போட்டோம். முதல் ஜோடியில் அடிச்சத்தம் குறைவு. இரண்டாவதிலும் குறைவு. பத்தாவது வரைக்கும் அப்படியே. மதியத்துக்குள் ஒரு லாட் முழுக்கக் கெட்டது என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டோம். வெளியே லாரி நிற்கிறது. மேனேஜர் ரகுராமன் சார் சத்தம் அளக்கிற மீட்டரை எடுத்துவந்து அளந்தார். மீட்டர் எல்லாவற்றையும் நல்லது என்றது.

அப்போதுதான் தண்ணீர் பாட்டில் கண்ணில் பட்டது. பழைய சி.டி.யில் பிடில்கள் அடங்கி, ஒரு ஒற்றைக் குழல் மட்டும் ஊதுகிற இடம் வரும்; அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். மூடியைத் திருகி முடிக்கவும் பெரிய மத்தளம் இடிக்கவும் சரியாக இருக்கும். அன்றைக்கு மூடியைத் திருகி, பாட்டிலைக் கீழே வைத்து, முந்தானையைச் சரிசெய்து, கொட்டாவியும் விட்ட பிறகுதான் மத்தளம் வந்தது. ஸ்பீக்கரால் சத்தத்தைக் கெடுக்க முடியும், நேரத்தை நீட்ட முடியுமா? அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். வேறு முகம், வழுக்கைத் தலை. திக்குகிற பழைய சி.டி.யையும் இதையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டோம். இந்த மேஸ்திரி ஆற அமரப் போகிறார், அடிச்சத்தம் தருகிற பெரிய பிடில்களையும் அடக்கி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கர் மேல் குற்றமே இல்லை. தப்பு எங்களுடையது என்று ரிஜிஸ்டரில் நானே எழுதி, உட்கார்ந்து சீட்டெல்லாம் கிழித்தோம். ரகுராமன் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்த மாதம் கஸ்டமர் கம்பெனியிலிருந்து கொரியாக்காரர் கிம் சார் வருகிறார், மீட்டர் மட்டும் போதுமா இந்த அறையும் வேண்டுமா என்று அவரே முடிவு செய்யட்டும் என்றார். அறை போனால் என் ஐந்தரை மணியும் போகும். போகிறபோது அவர் சொன்னது: "ஒரு லாட்டையே ரிஜெக்ட் பண்ணிட்டு, சரக்கு சரிதான் சார், மேஸ்திரிதான் வேறன்னு சொல்ற க்யூசியை நான் இப்பதாம்மா பாக்கறேன்!"

அவசரம், நிதானம், கறார்

ஆனாலும் நல்ல மனுஷன். அடுத்த வாரமே மூன்றாவதாக ஒரு மேஸ்திரியின் சி.டி.யும் வாங்கி வந்து, மூன்றில் எதை வைத்துக்கொள்ளலாம், காரணத்தோடு எழுதிக் கொடு என்றார். பழைய மேஸ்திரிக்குப் புதுப் பிரதியும் வந்தது. பிளஸ் டூவோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு மறுபடி பரீட்சை! முதல் மேஸ்திரிக்கு அவசரம் என்று பெயர் வைத்தோம். மத்தளம் நறுக்கென்று விழும், ஆனால் ஒரு சத்தம் ஓய்வதற்குள் அடுத்தது ஏறிவிடும். சின்ன உரசல் எல்லாம் அந்த வேகத்தில் மறைந்துபோகும். இரண்டாமவர் நிதானம். அடிச்சத்தம் அடக்கம்தான், ஆனால் இழுத்து நிறுத்துவார். உள்ளே காகிதக் கூம்பில் பசை சரியாகப் பிடிக்காத ஸ்பீக்கர் அந்த இழுப்பில் ம்ம் என்று காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாமவர் கறார். கேன்டீன் தட்டில் குழிகுழியாகப் பொரியல், கூட்டு, ஊறுகாய் என்று வைத்த மாதிரி ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக நிற்கும். குழல் ஊதுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். கீச்சுச் சத்தக் கோளாறு இவரிடம் தப்பாது.

மூன்றும் வேண்டும், ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு மேஸ்திரி என்று எழுதிக் கொடுத்தேன். சார் கையெழுத்தே போட்டுவிட்டார். எந்த மேஸ்திரி உசத்தி என்ற சண்டை மட்டும் எனக்கும் ஜெசிந்தாவுக்கும் கேன்டீன் வரைக்கும் வந்தது. நான் அவசரம் கட்சி. சாம்பார் வாளிக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் தீர்ப்புச் சொன்னாள்: "நிதானம் வாசிக்கச் சொல்லோ ஜெபம் பண்ற மாதிரி கீதுக்கா, உன் ஆளு அவசரம் வாசிக்கச் சொல்லோ கம்பெனி பஸ்ஸப் புடிக்க ஓடற மாதிரி கீது!"

சோறு ஊட்டுகிற மேஸ்திரி

மகளுக்கு ஊட்டும்போது அந்தச் சிம்பொனிதான் வாயில் வரும், வேறு என்ன வரும்? அவசரம் போகிற வேகத்தில் முணுமுணுத்தால் துப்புவாள். கறாரில் வாயை இறுக்கிக்கொள்வாள். நிதானம் என்றால் கிண்ணம் காலி. கேன்டீனில் தோற்காத என் கட்சி வீட்டில் தோற்றுப்போனது. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். தண்டலத்தில் வேறு கம்பெனியில் வெல்டர் அவர். காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஜெர்மன்காரன் எழுதி, எவனோ மேஸ்திரி வேல பாத்து, கடைசில நம்ம வூட்டுப் பருப்பு சாதம் எறங்கறதுக்குத்தான் இவ்ளோ பாடா?"

கிம் சார் கொண்டுவந்த நாலாவது

கிம் சார் வந்தார். சிரிக்காத முகம். எங்கள் சி.டி. எதையும் தொடவில்லை, பையிலிருந்து அட்டை இல்லாத ஒரு சி.டி.யை எடுத்துப் போட்டார். எண் போட்ட எட்டு ஜோடி ஸ்பீக்கர். மீட்டர் எட்டையும் நல்லது என்று சொல்லி முடித்திருந்தது. மீட்டருக்குத் தெரியாத கோளாறு ஒன்றையாவது நான் சொன்னால்தான் அறை நிற்கும். ரகுராமன் சார் கதவோரம், இசக்கி அண்ணன் அவருக்குப் பின்னால். ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதே சிம்பொனிதான். ஆனால் முதல் ஜோடியிலேயே வலது பக்கம் அடிச்சத்தம் இல்லை, பிடில் கீச்சு மட்டும் கேட்டது. இரண்டாவதிலும் அப்படி, மூன்றாவதிலும் அப்படி. வாய்வரை வந்துவிட்டது, வலது ஸ்பீக்கர் கோளாறு என்று. சிவப்புச் சீட்டு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். எல்லா ஜோடியிலும் ஒரே மாதிரி என்றால் அது ஸ்பீக்கரின் வேலை இல்லை, மேஸ்திரியின் வேலை. கண்ணை மூடிக் கேட்டேன். எங்கள் மேஸ்திரிகள் மூவரும் பிடில்காரர்களை எல்லாம் இடது பக்கமும் பெரிய பிடில்களை வலது பக்கமும் உட்காரவைத்தவர்கள். இவர் பிடில்காரர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, இடது பக்கம் பாதி, வலது பக்கம் பாதி உட்காரவைத்திருக்கிறார். பெரிய பிடில்களை இடது பக்கம் தள்ளிவிட்டார். ஒரு பக்கம் கேள்வி கேட்க மறுபக்கம் பதில் சொல்கிறது. எட்டும் முடிந்ததும் சொன்னேன்: "சார், இவரு எங்க மூணு மேஸ்திரியும் இல்ல, நாலாவது ஆளு. ஆளுங்கள மாத்தி உக்கார வச்சிருக்காரு. வலது பக்கம் கோளாறு இல்ல. ஆனா ஆறாவது ஜோடியில இடது ஸ்பீக்கர் மட்டும் இழுத்து நிறுத்துற இடத்துல முனகுது."

ரகுராமன் சார் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். கிம் சார் ஆறாவதை எடுத்து, கத்தியால் ஓரத்தை நெம்பினார். கூம்பின் விளிம்பில் விரல் அகலத்துக்குப் பசை பிடிக்கவில்லை. மீட்டரை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், முதல் தடவையாகச் சிரித்தார். அவர் போன மற்ற இடங்களில் எல்லாம் வலது ஸ்பீக்கர்தான் மோசம் என்றார்களாம். லிசனிங் ரூம் தொடரட்டும், ஆட்களை மாற்ற வேண்டாம் என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெசிந்தா என் முதுகில் ஒரு குத்து விட்டாள். கிம் சார் ஏதோ சொல்ல, ரகுராமன் சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு தமிழில் சொன்னார்: "அமுதா, உன் காதை எந்தக் கம்பெனி சப்ளை பண்ணிச்சுன்னு கிம் சார் கேக்கறாரும்மா!"

ஆக, நாலு மேஸ்திரிகளுக்கு நடுவே வித்தியாசம் கண்டுபிடித்து நான் காப்பாற்றிக்கொண்ட அந்த ஐந்தரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தால், "அம்மா, அம்மா" என்று என் மகள் பத்துத் தரம் கத்திய பிறகுதான் எனக்குக் காதில் விழுகிறது.