ஒரு கைப்பிடி முந்திரி

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதருக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் 'மிச்சம் மாமா'. அதில் கேலி பாதி, பாசம் பாதி. வேலைக்குப் போன இடத்தில் கழற்றிப் போட்ட திருகாணியைக்கூடச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறவர், சமையலறையில் எதையாவது குப்பைக்குப் போக விடுவாரா? ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு வீடு நிறைய ஆட்கள் வந்து தின்று தீர்த்துவிட்டுப் போன மறுநாள், மற்றவர்கள் பிரிட்ஜைத் திறந்து பெருமூச்சு விடுவார்கள். இவருக்கோ அன்றுதான் விடுமுறையே தொடங்கும்.

மிஞ்சிய கொண்டைக்கடலையைப் பூண்டும் எலுமிச்சைச் சாறும் விட்டு வழுவழுவென்று அரைப்பார். புளிக்கத் தொடங்கிய தயிரை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீர்க் குழாயில் தொங்கவிட்டு, கெட்டியானதும் வெள்ளரிக்காயைத் துருவிப் போடுவார். காய்ந்த ரொட்டியை விரல் நீளத்துக்கு நறுக்கி மொறுமொறுவென வாட்டி வைப்பார். தொட்டுத் தின்ன ஆரம்பித்தால் யாருக்கும் கை நிற்காது. "நேத்துத் தின்னதுதான், இன்னிக்கு வேஷம் போட்டுட்டு வந்திருக்கு" என்பாள் அவருடைய அக்கா. சொல்லிக்கொண்டே கிண்ணத்தை வழிப்பவளும் அவள்தான்.

அந்த வருடம் விடுமுறை முடியும் முன்பே மகள் ஒரு செய்தி சொன்னாள். அவள் விரும்பிய பையன், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன், முதல்முறையாக வீட்டுக்கு வருகிறான்.

அவன் வரும் நாள் காலையிலேயே மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "இதோ பாருங்க, அந்தப் பையன் முன்னாடி பழசு எதையும் வெச்சு மானத்த வாங்காதீங்க. எல்லாம் புதுசா இருக்கணும்."

"சரிம்மா, சரி" என்றார். அவள் பேக்கரிக்குக் கிளம்பியதும் பிரிட்ஜைத் திறந்தார். சுட்ட குடைமிளகாயும் கேரட்டும் ஒரு தட்டு நிறைய இருந்தன. அரைத்துவிட்டால் நேற்றைய கேரட் எது, இன்றைய கேரட் எது? மிக்ஸியில் போட்டார். சிவப்பு நிறம் கண்ணை அள்ளியது, ஆனால் விழுது நீர்த்துப்போயிருந்தது. விருந்தாளிகள் பொறுக்கித் தின்றதுபோக, நமுத்துப்போன வறுத்த முந்திரி ஒரு கிண்ணத்தில் கிடந்தது. ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு மறுபடியும் ஓட்டினார். வெண்ணெய்போலத் திரண்டு வந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

பிற்பகலில் பையன் வந்தான். நெடுநெடுவென்று உயரம், பேச்சு மட்டும் மெதுவாக. தோள்பையை வாசலுக்கு அருகில் மாட்டிவிட்டு, எல்லோரையும் வணங்கி, சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். மகள் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவனுடைய வேலையைப் பற்றித் துருவிக்கொண்டிருந்தாள். மனைவி பேக்கரிப் பலகாரங்களை அடுக்கிக்கொண்டே, மேசையில் முளைத்திருந்த மூன்று கிண்ணங்களைப் பார்த்துவிட்டுக் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். தட்டு எடுக்க அவள் உள்ளே போனபோது பையன் சிவப்பு விழுது இருந்த கிண்ணத்தின் பக்கம் குனிந்தான்.

"மாமா, இதுல என்னென்ன இருக்கு?"

"கேரட்டு, குடைமிளகா, கொஞ்சம் எலுமிச்ச. எல்லாம் காலையில வாங்கினதுப்பா."

"வேற ஒண்ணும் இல்லையே?"

முந்திரி என்று சொன்னால், எந்த முந்திரி என்று அக்கா கேட்பாள். அவள் வாய் சும்மா இருக்காது. "வேற என்னத்தப் போடப்போறேன்?" என்று சிரித்தார்.

பையன் ரொட்டித் துண்டைத் தாராளமாகத் தோய்த்துத் தின்றான். "அருமையா இருக்கு மாமா" என்று இன்னொன்றும் எடுத்தான். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

பையன் உதட்டைத் தேய்த்தான். தொண்டையைச் செருமினான். அப்புறம் இருமினான்.

"காரம் ஏறிடுச்சு, தண்ணி குடு" என்றாள் அக்கா. டம்ளரை வாங்கினவனால் விழுங்க முடியவில்லை. தண்ணீர் வாயோரம் வழிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது, கண்ணிமை வீங்கியது, கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்தது. அந்த முகம் இன்னொருவருடைய முகமாக மாறிக்கொண்டிருந்தது. மூச்சு உள்ளே போகும்போது விசில்போல ஒரு சத்தம் கேட்டது.

மகள் தட்டோடு வந்து நின்றாள். "என்ன சாப்பிட்ட?" பையன் கிண்ணத்தைக் காட்டினான். "அப்பா, இதுல முந்திரி இருக்கா?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

"அப்பா!"

"ஒரு… ஒரு கைப்பிடி."

தட்டை எங்கே வைத்தாளோ தெரியாது, வாசலுக்குப் பாய்ந்து தோள்பையைத் தரையில் கவிழ்த்தாள். பேனாபோன்ற ஒவ்வாமை ஊசியை எடுத்து மூடியைப் பிடுங்கி, பேண்ட்டுக்கு மேலேயே அவனுடைய தொடையில் குத்தி அழுத்திப் பிடித்தாள். "ஆம்புலன்ஸ கூப்பிடுங்க!" என்று கத்தினாள். மனைவிதான் கூப்பிட்டாள். அவர் அரை வாளிச் சிமெண்டைத் தலையில் கொட்டியதுபோல நின்றார்.

எந்தக் கட்டடத்தில் ஏறினாலும் லிஃப்டின் சத்தத்தை வைத்தே அதன் நோய் சொல்லுகிறவர் அவர். அன்று ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறியவருக்கு, அது மேலே போகிறதா கீழே போகிறதா என்றே தெரியவில்லை. கண்ணுக்குள் அந்தத் தடித்த உதடுதான் நின்றது.

டாக்டர் வெளியே வந்து, ஆபத்தில்லை என்றார். "ஊசிய உடனே போட்டது நல்லதாப்போச்சு. தாமதமாயிருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடிஞ்சிருக்காது. காலையில வரைக்கும் இங்கயே இருக்கட்டும், சில பேருக்குத் திரும்பவும் வரும்."

மனைவி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். ரொம்ப நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல் பேசினாள்.

"எனக்குப் புரியவே இல்ல. எங்க போனாலும் கேட்டுட்டுத்தான் வாயில வைப்பான். இங்க மட்டும் ஏன் கேக்காம தின்னான்?"

அக்கா தம்பியின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். சொல்லாதே என்று அர்த்தம். அங்கே அந்தக் கேள்வியையும் பதிலையும் கேட்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அவர் பேசாமல் இருந்திருந்தால் பழி அந்தப் பையனுடைய கூச்சத்தின்மேல் போய் உட்கார்ந்திருக்கும்.

"கேட்டாம்மா" என்றார். "ரெண்டு தடவ கேட்டான். நான்தான் இல்லன்னு சொன்னேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. "பொய்யா சொன்னீங்க?" என்று கேட்டாள், அப்படியொரு காரியம் உலகத்தில் உண்டா என்பதுபோல. "எதுக்குப்பா?"

எதுக்கு? நேற்று மிஞ்சியது என்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்கு. அதை வாய்விட்டுச் சொன்னபோது அவருக்கே உடம்பு கூசியது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ஓர் உயிர் தொண்டைக்குழியில் வந்து நின்றது?

"நீங்க வீட்டுக்குப் போங்கப்பா" என்றாள் மகள்.

மறுநாள் காலை தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். கண் இன்னும் வீங்கியிருந்த பையன் எழுந்து உட்கார முயன்றான். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், நமுத்த முந்திரிவரைக்கும்.

பையன் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டான். "நானும் காரணத்தச் சொல்லியிருக்கணும் மாமா. முன்னாடியே வீட்டுல சொல்லிடறேன்னு அவ சொன்னா. வேணாம்னது நான்தான். முதல் நாளே இது ஆகாது அது ஆகாதுன்னு வந்து நின்னா என்ன நினைப்பீங்களோன்னு இருந்துச்சு."

இதைக் கேட்டதும் அவருக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. ஒருவருக்கொருவர் நல்ல பெயர் வாங்கப் போய்த்தான் இரண்டு பேரும் சேர்ந்து சாவை வாசல்வரை கூட்டிவந்திருக்கிறார்கள்! ஆனாலும் பழியைப் பங்குபோட்டுக்கொள்ள அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதெல்லாம் வேறப்பா. கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்றதுக்கு எனக்குக் காரணம் எதுக்கு?"

அதற்குப் பிறகு அவர் சமையலறைக்குள் போகவில்லை. சோறோ கறியோ மிஞ்சினால் மனைவி அவர் கண்முன்னாலேயே கொட்டினாள், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். வேலையில் ஒரு பொத்தானை மாற்றிக்கொண்டிருப்பார், திடீரென்று "வேற ஒண்ணும் இல்லையே?" என்ற குரல் காதில் விழும். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்குவார். வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பிய மகள் தொலைபேசியில் அம்மாவிடம் மட்டும் பேசினாள். "எனக்கும் இதுல பங்கு இருக்குங்க. மானம் மானம்னு நான் ஆடினேனே" என்று மனைவி ஒருநாள் அழுதாள்.

குளிர் விட்டுப்போன ஒரு நாள் மகளிடமிருந்து அவருக்கே அழைப்பு வந்தது. "அப்பா, ஞாயித்துக்கிழம அவங்க வீட்டு ஆளுங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்க, கல்யாணப் பேச்சுக்கு. ரொட்டிக்குத் தொட்டுக்க டிப் நீங்க பண்ணிடுங்க."

"நானா?" என்றார். "அந்தக் கையால திரும்பவுமாம்மா? பேக்கரியில வாங்கிக்கலாமே."

"பேக்கரிக்காரர எனக்குத் தெரியாது. உங்களத் தெரியும். இனிமே நீங்க மறைக்கமாட்டீங்க."

கைபேசி அணைந்த பிறகும் அவர் அதைக் காதிலேயே வைத்திருந்தார்.

பழைய மிக்ஸி ஜாரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினார். அவர் தூக்கி எறிந்து மற்றவர்கள் பார்த்த முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். அலமாரிகளைச் சோப்புப் போட்டுத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். "இதுல கொண்டைக்கடல, பூண்டு, எலுமிச்ச, எண்ண, உப்பு. கடல நேத்து வேகவெச்சதுல மிஞ்சினது. இதுல தயிரு, வெள்ளரிக்கா. தயிரு முந்தாநேத்தோடது." மனைவிக்கு முகம் சிவந்தது. பையனுடைய அம்மா சிரித்தாள். "எங்க வீட்டுலயும் இப்படித்தாங்க, சொல்லத்தான் மாட்டோம்."

பையன் ரொட்டித் துண்டை எடுத்துக் கிண்ணத்தை நோக்கி நீட்டினான். அவர் சட்டென்று அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அறையில் பேச்சு நின்றது. விட வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது, விரல்தான் விடவில்லை.

"மாமா," என்றான் பையன் மெதுவாக, "வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா" என்றார். "சத்தியமா இல்ல."

விரல்கள் பிரிந்தன. பையன் தோய்த்துத் தின்றான், விழுங்கினான், இன்னொன்று எடுத்தான். மகள் ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் பின்னால் போட்டாள். அவர் உட்கார்ந்தார். பேச்சு மறுபடியும் கலகலவென்று கிளம்பியது, கல்யாணத் தேதி, மண்டபம் என்று என்னென்னவோ கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பார்வை மட்டும் அந்தப் பையனுடைய கழுத்தைவிட்டு நகரவே இல்லை.