ஹார்ட்வெல் தோட்டம்

பேத்தியின் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் தோட்டத்துப் பெயரை என் மகன் நீக்கிவிட்டான். காங்கேயம் பக்கம் எங்களை ஹார்ட்வெல் தோட்டத்தார் என்றால்தான் தெரியும். என் அப்பா கிணற்றுக்கு வாங்கிய ஆயில் இன்ஜினின் பெயர் அது. இன்ஜின் போய் மின்மோட்டார் வந்த பிறகும், தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்றால் "ஹார்ட்வெல்லைப் போட்டு உடு" என்றுதான் சொல்கிறோம்.

"இன்ஜின் பேரைப் பத்திரிகைல போட்டா, பீளமேட்டுல எங்க ஆபீஸ்காரங்க சிரிக்க மாட்டாங்களாங்கப்பா?" என்றான் மகன்.

"அது வெள்ளைக்காரன் குடும்பப் பேருடா. மான் தண்ணி குடிக்கிற ஊத்துன்னு அர்த்தம். புஸ்தகத்துல பாத்துட்டேன்."

"அப்ப அவுங்க என்ன கூட்டமுங்க?" என்று குலம் விசாரித்தாள் என் மனைவி.

முப்பத்தொரு வரிப் பத்திரிகையில் இந்த ஒரு பெயருக்கு இடமில்லையா? யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் பங்காளிகள் வராமல் போனால் என்ன செய்வது?

அப்போது மாப்பிள்ளையின் அப்பா மகனைப் போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"ஏனுங்க சம்பந்தி, பொண்ணு எந்த ஊடுன்னு எங்க சனம் கேட்டுதுங்க. ஹார்ட்வெல் தோட்டம்னேன், உடனே தெரிஞ்சுபோச்சுங்க. பத்திரிகைல பெருசாப் போட்டுருங்க."

"சரிங்க," என்றான் மகன், என் பக்கம் திரும்பாமலே.

நான் மூச்சு விட்டேன். மனைவிக்குத்தான் புதுக் கவலை வந்துவிட்டது.

"பேரு குடுத்தவங்க பங்காளி மாதிரிதானுங்களே. அந்த வெள்ளைக்காரனூட்டுக்கும் ஒரு பத்திரிகை வெக்கோணுமுங்க."