முந்திரித் தோப்பில் ஒரு சிலேட்டு

போன வாரம் ஒரு குதிரை என்னைப் பயமுறுத்திவிட்டது. சிரிக்காதீர்கள்... அதுவும் பட்டப்பகலில்!

பெரம்பலூரில் பஸ் பிடித்து ஆண்டிமடம் பக்கம் போயிருந்தேன், செல்வராசுவைப் பார்க்க. கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குதிரை வளர்த்துக் கொடுப்பவர். லாயத்தில் பாதியைத் தடுத்து, முந்திரி உடைக்கிற பெண்களுக்கு எழுத்து கற்றுத் தருகிறார். லாயம் வரை வர முடியாதவர்களுக்கு? வெள்ளிக்கிழமை தோறும் குதிரை முதுகில் சிலேட்டும் புத்தகமும் ஏற்றிக்கொண்டு அவரே தோப்புக்குள் போகிறார்.

குதிரைக்காரருக்கு எதற்கு இந்த வேலை?

“ஒரு குட்டிக்கு வயித்துவலிங்க சார். மேலுக்குத் தடவுற மருந்தை உள்ளுக்குக் குடுத்துட்டேன். பாட்டில்ல பெருசா எழுதியிருந்துச்சாம்... எனக்குப் படிக்கத் தெரியாதே. என் கையிலயே செத்துச்சு.”

அப்புறம்தான் படித்தாராம். நாற்பது வயதில்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமை. நானும் கூடவே நடந்தேன். உச்சி வெயில். காற்றே இல்லை. காய்ந்த முந்திரி இலைகள் காலடியில் நொறுங்குகிற சத்தம் மட்டும்தான்.

ஓடு சரிந்த ஒரு வீட்டுக்கு முன்னால் குதிரை நின்றுவிட்டது. காதுகள் விறைத்திருந்தன. சாத்திய கதவையே பார்த்தது. உடம்பு நடுங்கியது.

செல்வராசு ஒரு புது சிலேட்டை எடுத்து வாசற்படியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே கிடந்த சிலேட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். கோணல்மாணலாக ஒரு பெயர் — செல்லம்மா. ‘ல்’லுக்குப் புள்ளி இல்லை.

“யாருங்க இது?”

“நம்ம கிளாசுல படிச்ச பொண்ணு சார். புருசன் சிலேட்டை உடைச்சுட்டான், வேற குடுங்கண்ணேன்னு கேட்டுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டாந்தேன்... அதுக்குள்ள பாம்பு கடிச்சு அந்தப் பொண்ணு செத்துப் போயிருச்சு. திருப்பி எடுத்துட்டுப் போக மனசு வரலை. வாசல்ல வச்சுட்டுப் போனேன். அது கார்த்திகை மாசம். மறுவாரம் வந்தா இப்படி எழுதிக் கெடக்கு. அதே கையெழுத்து. அந்தப் பொண்ணும் புள்ளி வைக்காது.”

சிலேட்டை அவசரமாக அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

“பயமா இல்லையா?”

“இருக்கு சார். சேதி பரவி, கிளாசுக்கு வர்ற பொண்ணுங்களே நின்னுபோச்சுங்க. ஆனா எழுதுறது யாரா இருந்தா என்ன? சிலேட்டு கேட்டுச்சு, குடுக்குறேன்.”

அப்போதுதான் கேட்டது. கதவுக்கு உள்ளே... பல்பம் சுவரில் உரசுகிற சத்தம். கிறீச்... கிறீச்...

குதிரை கனைத்தது. திரும்பி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். செல்வராசு கதவைத் தள்ளிவிட்டார்.

உள்ளே ஓர் ஆள். தாடியும் அழுக்கு லுங்கியுமாக. அவள் புருஷன் கோவிந்தன் என்றார் செல்வராசு. சுவரின் மேல்பாதி முழுக்கக் கரியில் அவள் எழுதிப் பழகிய தன் பெயர். அதற்குக் கீழே, அதைப் பார்த்து அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

“நான்தாங்க அவ சிலேட்டை உடைச்சேன்” என்றான், எங்களைப் பார்க்காமலே. “எனக்கு வேற எழுத்து தெரியாது. அவ எழுதினதைப் பாத்து சுவத்துலயும் வாசல் சிலேட்டுலயும் எழுதுறேன்.”

புள்ளி விடுபட்டதன் காரணம் விளங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

செல்வராசு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். “ஏம்ப்பா, கார்த்திகையிலேருந்தா எழுதுற?”

“இல்லைங்களே... காரியம் முடிஞ்ச கையோட திருப்பூருக்குப் போயிட்டேன். தை கழிச்சுத்தான் வந்தேன். நான் வந்தப்பவே வாசல்ல சிலேட்டு எழுதிக் கெடந்துச்சு.”

வெளியே குதிரை காலை உதைத்துக்கொண்டே இருந்தது.

நேற்று செல்வராசுவுக்குப் போன் போட்டேன். கோவிந்தன் லாயத்து வகுப்பில் சேர்ந்துவிட்டானாம். அவன் எழுதினான் என்று தெரிந்ததும் பெண்களும் திரும்பி வந்துவிட்டார்கள். தை, கார்த்திகைக் கணக்கை இவர் யாரிடமும் சொல்லவில்லை.

“அப்ப அந்த வீட்டு வாசல்ல சிலேட்டு வைக்கிறதை விட்டுட்டீங்கதானே?”

“அது எப்படிங்க சார்? ரிஜிஸ்டர்ல செல்லம்மா பேரை நான் இன்னும் அடிக்கலையே!”