கம்பியைப் பற்றி எழுதிய பிறகு

பாளையம்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். மின்சாரம் ஆளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆகவே திருச்சுழிப் பக்கம் ஒரு புஞ்சையில் காட்டுப்பன்றிக்காக மக்காச்சோளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கட்டுக்கம்பி ஓடுவதையும், அதன் ஓரத்தில் ஒரு பன்றியும் ஒரு நாயும் கருகிக் கிடந்ததையும் பார்த்ததும் கிட்டப் போய் லைனைப் பார்த்தேன். புஞ்சைக்காரன் மோட்டார் லைனிலிருந்து நேரே கொக்கி போட்டிருந்தான். காலையில் கரண்டை நிறுத்த மறந்தால் களை எடுக்க வரும் பெண்கள் சாவார்கள்.

படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். யார் புஞ்சை என்று எழுதவில்லை. பெரிய புத்திசாலி என்று நினைப்பு. படத்தின் மூலையில் மண்டை இல்லாத பனை ஒன்று நின்றது. எங்கள் கரிசல் மண்ணில் மரமே பத்துத்தான். ஒரு பனையைப் பார்த்தால் போதும், யார் காடு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

புஞ்சைக்காரன் என் அத்தை மகன், என் வயசு. மறுநாள் காலை மம்பட்டியிலிருந்து கழற்றிய மரக் கணையோடு கடைக்கு வந்தான்.

"ஏலே மாப்ள, கொலைகாரன்னு ஊருக்கே ஓலை எழுதுறியா? எம்புட்டு லைக்கு வந்துச்சு?"

"முதல்ல கம்பியக் கழட்டுலே."

சொல்லி முடிக்குமுன் அடித்தான். இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் பைப் ரெஞ்சை எடுத்து அவன் வாயில் போட்டேன். இரண்டு பல் தரையில் விழுந்தது. எதிர் டீக்கடையில் இருந்தவர்களில் ஒருவனும் விலக்கிவிட வரவில்லை. வீடியோ எடுத்தார்கள்.

அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டு கமெண்டுகளைப் படித்தேன். 'தலைய எடுண்ணே' என்றான் ஒருவன். என்னோடு பள்ளியில் படித்து இப்போது துபாயில் இருப்பவன், 'பார்ட் டூ எப்ப?' என்று கேட்டிருந்தான். கம்பி இருக்கிறதா, கழட்டியாச்சா என்று ஒரு நாயும் கேட்கவில்லை. நான் எழுதியது அந்தக் குப்பைக்கு அடியில் எங்கோ போய்விட்டது. ஆறு வருடம் ஃபேஸ்புக்கில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எழுதுகிற இடமில்லை, சேவல்கட்டு என்று புரிந்தது. சேவல் நான்.

கணக்கை மூடினேன். சொந்தமாக ஒரு பிளாக் தொடங்கினேன். கமெண்டுப் பெட்டியே வைக்கவில்லை. ஒற்றைக் கையால் நான்கு நாள் தட்டி ஒரே கட்டுரை எழுதினேன். கம்பியில் கால் பட்டால் தசை எப்படி இறுகும், ஏன் விலகி ஓட முடியாது, ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றால் எவ்வளவு நேரம் உயிர் தாங்கும். வசவு ஒன்றுகூட இல்லை. என் வாழ்க்கையில் திட்டாமல் எழுதியது அதுதான் முதல் தடவை.

மொத்தம் பதினோரு பேர் படித்தார்கள். அதில் ஒருத்தி, அத்தை மகன் புஞ்சையில் களை எடுக்கப் போகும் அம்மா ஒருவரின் மகள். அவள் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாளிலிருந்து அந்தப் புஞ்சைக்கு ஒருவரும் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து அத்தை மகன் மறுபடி கடைக்கு வந்தான். நான் ரெஞ்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் கையில் ஒன்றும் இல்லை.

"களைக்கு ஒருத்தியும் வரமாட்டேங்குறாக. கம்பியக் கழட்டிட்டேன். போதுமா?"

"போதும்."

"என்ன போதும்? நேத்தே பன்னி வந்துருச்சுலே. பாதிச் சோளம் போச்சு. அத எவன் எழுதுவான்?"

மடியிலிருந்த ரெஞ்சைக் கீழே வைத்தேன். அவன் சொன்னது நியாயம். பன்றி தின்றதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியதில்லை.

"நான் எழுதுறேன்" என்றேன். "ஆனா திரும்பக் கம்பி கட்டுனேன்னா அதையும் எழுதுவேன்."

"எழுது. அப்ப அடுத்த கையும் ஒடையும்" என்றான். "வா, வண்டில ஏறு. வந்து சோளத்தப் பாத்துட்டு எழுது."