சமையற்கட்டுச் சுவர்

கொத்தனார் எங்கள் வீட்டுச் சமையற்கட்டுச் சுவரில் சாக்பீஸால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார். உள்ளே என்ன கல் என்று பார்க்க, உளியால் கையகலத்துக்குக் காரையைச் சுரண்டினார். குப்பென்று பழைய விறகுப் புகை வாசம் வந்தது. எத்தனையோ முறை வெள்ளையடித்து, கேஸ் அடுப்பு வந்து இவ்வளவு காலம் ஆகியும் அந்தப் புகை சுவருக்குள்ளேயே இருந்திருக்கிறது. கூடவே பூண்டு தாளித்த வாசமும் வந்தது என்று சொல்வேன். ஆனால் என் மூக்கை நம்பி நீங்கள் எதுவும் வாங்கிவிடாதீர்கள். கெட்டுப்போன மோரை நல்ல மோர் என்று குடித்தவன் நான்.

"இன்னைக்கு வேண்டாங்க. அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஏனுங்க, ஆளெல்லாம் வந்தாச்சுங்களே" என்றார் கொத்தனார். நான் வெளியே வந்துவிட்டேன்.

எல்லாம் என் மகள் நித்யாவின் ஏற்பாடு. பெங்களூர் கம்பெனி வேலையை நாமக்கல்லில் வீட்டிலிருந்தே பார்க்கிறாள். வாரக் கடைசியில் சிநேகிதர்கள் கும்பலாக வருவார்கள். "வர்றவங்க எல்லாம் ஹால்ல சிரிச்சிட்டிருக்க, நான் மட்டும் உள்ள தனியா நின்னு தோசை சுடோணுமாப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அவளுடைய அம்மா இத்தனை வருடம் அப்படித்தான் சுட்டாள். அப்போது எனக்கு இது தோன்றவில்லை.

சேலத்திலிருந்து ஒரு டிசைனர் பெண் வந்து லேப்டாப்பில் படம் காட்டினாள். தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். அலமாரிகள் வெளிநாட்டு வீடுகளில் இருப்பதுபோல வெள்ளை வெளேரென்று. ஒரு பக்கம் பித்தளைப் பாத்திர வரிசை. நடுவே கிரானைட் மேடை, சுற்றிலும் கால் எட்டாத உயர நாற்காலிகள். "பாதி செட்டிநாடு, பாதி ஐரோப்பா ஸ்டைலுங்க சார். ரெண்டையும் மிக்ஸ் பண்றோம்" என்றாள். இதில் எங்கள் நாமக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கொல்லைப்புறம் கிடந்த அம்மிக்கல்லைக் கழுவி, ஒரு மூலையில் வைத்து, மேலே செடித்தொட்டி வைக்கப்போவதாகச் சொன்னாள். அதற்கும் தலையாட்டினேன். ஹாலுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே இருக்கிற சுவர் போக வேண்டும் என்றபோதுதான் என் தலை ஆடவில்லை.

அப்பா லாரி டிரைவர். செல்போன் இல்லாத காலம். வடக்கே லோடு ஏற்றிப் போனால், திரும்பி வருகிற வரைக்கும் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. நான் அப்போதுதான் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆணி, போல்ட், ரிவெட் எடுத்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க மரத்தூள் வாசமும் பெயிண்ட் வாசமும்தான். இன்றைக்கும் புது பெயிண்ட் அடித்த லாரி பக்கத்தில் வந்து நின்றால் நான் நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வேன். அந்த வாசத்துக்கு நடுவில்தான் ஒரு நாள் காலையில் பெரியப்பா, அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன், பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"உங்கப்பன் போயிட்டாஞ்சாமி. வண்டிய நிறுத்திப் படுத்தவன் எந்திரிக்கல. லாரி ஆபீசுக்குப் போன் வந்துச்சு" என்றார். பிறகு, "உங்கம்மாளுக்கு இன்னும் சொல்லல. மோகனூர்ல இருந்து உங்க மாமன் வந்துரட்டும்" என்றார். என் கையில் இருந்த போல்ட் டப்பாவை அவரே வாங்கிக் கீழே வைத்தார்.

எங்கள் பந்துக்களிடம் அப்படி ஒரு வழக்கம். புருஷன் செத்த செய்தியை ஒரு பெண்ணுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. அவளோடு கூடப் பிறந்தவர்கள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். தாங்கிப் பிடிக்க ஒரு ஆள். மாமா பஸ் பிடித்து வருகிற வரைக்கும் ஊரே வாயைத் திறக்காது. ஆனால் வீட்டுக்கு மட்டும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர், இருவர் என்று வந்து ஹால் நிறைந்துவிட்டது.

அம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாங்க, வாங்க. ஏனுங்க எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீங்க, என்ன விசேசம்?"

"சும்மாத்தானுங்க. இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தோம்."

அம்மா காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். இழவு வீட்டில் யார் குடிப்பார்கள்? "இப்பத்தானுங்க குடிச்சோம்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெரியப்பாவோடு வந்திருந்த பெரியம்மாவும் சொன்னாள். தட்டோடு அம்மா என்னிடம் வந்தாள். "நீ ஏஞ்சாமி அதுக்குள்ள வந்துட்ட?"

"லீவு உட்டுட்டாங்கம்மா."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். காப்பித் தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்குகிற வாசம் வந்தது. அரிசிம்பருப்புச் சோறு. சொல்லாமல் கொள்ளாமல் விருந்தாளி வந்தால் எங்கள் பக்கத்தில் சட்டென்று ஆக்கிப்போடுவது அதுதான்.

இழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்றும் சொல்ல வேண்டும். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா குண்டாவைக் கரண்டியால் கிளறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அம்மா தட்டுகளில் போட்டு எடுத்து வந்தாள். ஒருவரும் கை நீட்டவில்லை. கடைசியில் பெரியப்பா முன்னால் போய் நின்றாள். "மாமா, நீங்களாச்சும் ஒரு வாய் சாப்புடுங்க."

பெரியப்பா தட்டை வாங்கினார். கூடப் பிறந்த தம்பி வடக்கே ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்க, தலையைக் குனிந்துகொண்டு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர்.

"காரம் சாஸ்தியா மாமா?"

"இல்லம்மிணி. நல்லாருக்குது."

தம்பி பிணம் வருவதற்குள் சோறு தின்றவன் என்று பந்துக்கள் அவரைப் பின்னால் ரொம்ப நாள் பேசினார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை.

மோகனூர் மாமா வந்தார். எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு கேட்டதை நான் எழுதப்போவதில்லை.

அந்தச் சுவர்தான் அம்மாவுக்குக் கடைசியாக ஒரு காலைப் பொழுதைக் கொடுத்தது என்று நான் நம்பியிருந்தேன். சுவர் இல்லாதிருந்தால் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள், முதல் ஆள் வந்தபோதே தெரிந்திருக்கும். அதை எப்படி இடிக்கச் சொல்வது? நித்யாவிடம் இதை விளக்க எனக்கு வாய் வரவில்லை. எங்களோடு இருக்கிற அம்மா மறுத்துவிட்டால் தீர்ந்தது என்று அம்மாவின் அறைக்குப் போனேன்.

"இடிச்சுப் போடச் சொல்லு சாமி. அந்தப் பிள்ளை எத்தன நாளைக்குத்தான் உள்ளயே வெந்துட்டு நிப்பா?" என்றாள் அம்மா.

நான் தயங்கித் தயங்கி அந்த நாளைப் பற்றிச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும். உங்க பெரியம்மா காப்பி வேண்டாங்கறப்பவே தெரிஞ்சுபோச்சு. அவ ஒரு நாளும் என்ற காப்பிய வேண்டாம்னதில்ல."

"அப்பறம் ஏம்மா சோறாக்குன?"

"அடுப்பு எரியற ஊட்ல எழவு இல்லீல்ல? எரியற வரைக்கும் எரியட்டும்னு ஆக்கிட்டிருந்தேன். உங்க பெரியப்பனுக்கும் அது தெரிஞ்சிருக்கும். அதான் தின்னாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

சுவரை இடித்தாகிவிட்டது. செட்டிநாடும் ஐரோப்பாவும் எதிர்பார்த்ததைவிட ஒத்துப்போகின்றன. நித்யாவின் சிநேகிதர்கள் மேடையைச் சுற்றி நின்று தாங்களே வெங்காயம் நறுக்கி, தாங்களே தோசை சுட்டு, அம்மாவுக்கும் ஒன்று கொடுக்கிறார்கள். வீடு வெளிச்சமாக இருக்கிறது. நல்ல காரியம்தான் செய்தோம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் என் மாமனார் இறந்த செய்தி என் மனைவிக்கு எப்படி வந்தது தெரியுமா? உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தவளின் போனுக்கு, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய, மாலை போட்ட படமாக வந்தது. பஸ் ஏறி வந்து அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். அவளுக்கு முன்னால் அதைத் தெரிந்துகொண்டு, அவளைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வரட்டும் என்று வாயை மூடி உட்கார்ந்திருக்க, நாங்கள் ஒருவரும் இல்லை.