பட்டினி கிடந்தும் வந்த சர்க்கரை

அடுத்தவர் சிறுநீரைக் காய்ச்சிப் பிழைக்கிற தொழில் லேப் டெக்னீஷியனுடையது. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாவின் கிளினிக்கில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நீல மருந்தில் சில சொட்டு விட்டுச் சூடுகாட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறம் வந்தால் ஏகப்பட்டது. பாட்டிலைப் பேப்பரில் சுற்றி, தெரிந்தவர் யாரும் பஸ்ஸில் ஏறிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு வந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கழுவாத பாட்டில்

தண்டலத்திலிருந்து ஒருவர் வந்தார். சூடு காட்டியதுமே செங்கல் நிறம். மனிதர் பெஞ்சில் சரிந்துவிட்டார். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பிசுபிசுவென்று என்னவோ. தேன்! கூட வந்த மனைவி அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்துச்சு சார், கழுவி ஊத்த மனசு வரல."

கழுவிய பாட்டில்

சேரப்பணஞ்சேரி தேவகிக்குப் புதுக் கம்பெனி ஒன்றில் அசெம்பிளி லைன் வேலை கிடைத்திருந்தது. அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள். மெடிக்கல் மட்டும் பாக்கி. அந்தக் கம்பெனிக்கு எங்கள் டாக்டரம்மாதான் சர்டிபிகேட் கொடுப்பார். சோதித்தால் செங்கல் நிறம். தேன் ஞாபகம் வந்து, நானே கழுவிய பாட்டிலைக் கொடுத்தேன். மறுபடியும் அதே. ரிப்போர்ட்டை எழுதாமல் நிறுத்திவைத்தேன். "ரெண்டு நாள் கழிச்சு வாம்மா" என்று அனுப்பினேன்.

வந்தாள், கண்ணெல்லாம் உள்ளே போய். இந்த முறை ஆரஞ்சு நிறம்; குறைந்திருந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். அழுதே விட்டாள்: "நேத்துலர்ந்து பச்சத்தண்ணி தவிர ஒண்ணுமே துன்னல சார், எங்கேர்ந்து சார் வருது?"

டாக்டரம்மா சொன்னது

அது டாக்டரம்மா காதில் விழுந்தது. பட்டினியிலும் சிறுநீரில் சர்க்கரையா என்று சந்தேகப்பட்டு, உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருந்தது. சோதனையை ஏமாற்றக் கிடந்த பட்டினிதான் அவளைக் காப்பாற்றியது.

"கிட்னி வடிகட்டும்போது சர்க்கரையும் இறங்கிடும்மா. அங்க இருக்கிற செல்லுங்க அதைத் திரும்ப இழுத்துக்கும். செல்லோட சவ்வுல அதுக்குன்னே புரதம் இருக்கு. உப்பு உள்ள போறப்போ சர்க்கரையையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும். உனக்குப் பொறந்ததிலிருந்தே அந்த வேலை கொஞ்சம் மந்தம். சர்க்கரை வியாதி இல்ல" என்றபடி, வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குத்தான் அப்பாடா என்றிருந்தது. தேவகி பயந்து பயந்து கேட்டாள்: "அப்போ நான் சோறு துன்னலாமா, டாக்டரம்மா?"

அன்று முதல் பாட்டிலை வாங்கும்போது "கழுவினீங்களா?", "சாப்பிட்டீங்களா?" என்று இரண்டு கேள்வி கேட்கிறேன், இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.